டிக்கெட் பிளாக்கில் போகாமல் ஒரு ஷோ நடத்துவது எப்படி? அமைப்பாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு இசை நிகழ்ச்சியின் கேட்டில் ஸ்கேனரோடு நின்றிருந்தேன். கல்லூரிப் பெண் ஒருத்தி போனை நீட்டினாள். ஸ்கேனர் சிவப்பாக எரிந்தது. அந்த டிக்கெட்டில் ஏற்கெனவே ஒருவர் உள்ளே போய்விட்டார். அவள் கையில் இருந்தது டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட். 1,500 ரூபாய் டிக்கெட்டுக்கு 4,000 ரூபாய் கொடுத்து, இன்ஸ்டாகிராமில் முகம் தெரியாத ஒருவரிடம் வாங்கியிருக்கிறாள். அதே படத்தோடு அன்று மாலை இன்னும் மூன்று பேர் வந்தார்கள். விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்த அந்தப் பெண் சண்டை போடவில்லை. "அண்ணா, வெளியில நின்னு பாட்டு கேட்கவாவது விடுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அப்புறம் இந்த விஷயத்தை நான் விடவே இல்லை. 500 இருக்கையிலிருந்து 10,000 பேர் வரை வரும் நிகழ்ச்சிகளை நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்டேடியம் ஷோக்களுக்கும் அடிப்படை இதுதான், அங்கே பணமும் ஆட்களும் கூடுதலாக வேண்டும், அவ்வளவே.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டைப் பெயரோடு கட்ட வேண்டும். வர முடியாமல் போனவர் அதே விலைக்குத் திருப்பிக் கொடுக்க நேர்மையான வழி ஒன்றும் வைக்க வேண்டும். இவற்றில் ஒன்றை மட்டும் செய்தால் பலன் இல்லை. மற்ற வேலைகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் துணை.

முதலில்: டிக்கெட் எங்கே கசிகிறது?

பிளாக் என்றதும் கேட்டுக்கு வெளியே கிசுகிசுக்கும் ஆள்தான் நினைவுக்கு வருவார். அவர் கடைசிக் கண்ணி. அவருக்கு முன்னால் ஐந்து வாசல்கள் இருக்கின்றன.

ஒன்று, விற்பனை திறந்த நொடியில் நூற்றுக்கணக்கான கணக்குகளிலிருந்து வாங்கிக் குவிக்கும் மென்பொருள், அதாவது 'பாட்'. இரண்டு, ஸ்பான்சருக்கும் அதிகாரிகளுக்கும் போகும் இலவச பாஸ். மூன்று: நான்கு டிக்கெட் வாங்கி இரண்டை லாபத்துக்குத் தள்ளிவிடும் சாதாரண ரசிகர். நான்கு, கையில் டிக்கெட்டே இல்லாமல் விளம்பரம் போடுபவர்: அதிக விலைக்கு இன்று விற்றுவிட்டு, பிறகு எங்காவது தேடி வாங்கிக் கொடுக்கலாம் என்பது அவர் கணக்கு. ஐந்து, விழுப்புரம் பெண்ணுக்கு நேர்ந்தது: ஒரே கியூஆரைப் பலருக்கு விற்கும் சுத்தமான மோசடி.

கோல்ட்ப்ளே குழுவின் மும்பை நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரி 18, 19, 21 தேதிகளில் நவி மும்பை டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்தில் நடந்தன. 2024 செப்டம்பர் 22 அன்று புக்மைஷோவில் விற்பனை திறந்தபோது தளம் திணறியது. 2,500 ரூபாயில் தொடங்கி 35,000 ரூபாய் வரை விலை வைத்த டிக்கெட்டுகள் வெளிநாட்டு மறுவிற்பனைத் தளங்களில் லட்சங்களில் தொங்கின. புக்மைஷோவே போலீசில் புகார் கொடுத்தது. மும்பை போலீசின் பொருளாதாரக் குற்றப் பிரிவும் அமலாக்கத் துறையும் விசாரணையில் இறங்கின. அத்தனையும் டிக்கெட் கைமாறிய பிறகு நடந்தவை. நம் வேலை அதற்கு வெகு முன்பே தொடங்க வேண்டும்.

பாஸ் கணக்கைச் சரிசெய்யுங்கள்

எல்லோரும் பாட் பற்றிப் பேசுகிறார்கள், தங்கள் மேஜை டிராயரைத் திறந்து பார்ப்பதில்லை. 2,000 இருக்கையில் 500 பாஸ் போய்விட்டால் பொதுமக்களுக்கு 1,500தான். தட்டுப்பாட்டை நாமே உண்டாக்கிவிட்டு, பிளாக் வந்துவிட்டது என்று புலம்பக் கூடாது. அந்த 500-லும் ஒரு பங்கு சுற்றிச் சுற்றிச் சந்தைக்குத்தான் வரும். ஓசியில் வந்த பாஸை விற்றால் முழுக்க லாபம் அல்லவா?

விற்பனை அறிவிக்கும் முன்பே ஒரு நோட்டில் எழுதுங்கள்: மொத்த இருக்கை, ஒலிக்கருவி மேடையாலும் தூணாலும் மறைக்கப்படும் இருக்கை, கலைஞர்களின் குடும்பத்துக்கு, ஸ்பான்சருக்கு, போலீசுக்கும் மற்ற அலுவலகங்களுக்கும், மிச்சம் விற்பனைக்கு. ஒவ்வொரு பாஸுக்கும் வருபவரின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். 'பெயர் அப்புறம் சொல்கிறோம்' என்றால் பாஸும் அப்புறம்தான். சீனா 2023-இல் கொண்டுவந்த விதி இங்கே நினைவுகூரத் தக்கது. 5,000 பேருக்கு மேல் வரும் நிகழ்ச்சிகளில் குறைந்தது 85 சதவீத டிக்கெட் பொது விற்பனைக்கு வர வேண்டும், வாங்குபவரின் அடையாளமும் நுழைபவரின் அடையாளமும் ஒன்றாக இருக்க வேண்டும். நமக்கு அப்படிச் சட்டம் இல்லாவிட்டால் என்ன, அந்த 85-ஐ நமக்கு நாமே விதியாக வைத்துக்கொள்ளலாம். எத்தனை டிக்கெட் விற்பனைக்கு வருகிறது என்று வெளிப்படையாக அறிவித்தும் விடுங்கள்.

விலையும் எண்ணிக்கையும்

1,000 ரூபாய் டிக்கெட்டுக்கு 5,000 கொடுக்க ஆள் இருந்தால், அந்த 4,000 ரூபாய் இடைவெளியில்தான் பிளாக் குடியிருக்கிறது. 'அப்படியானால் நாமே 5,000 வைத்துவிடலாமே' என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். தேவை ஏற ஏற விலையை ஏற்றும் முறைகளும் இருக்கின்றன. 2024-இல் ஓயாசிஸ் குழுவின் மறுவருகை நிகழ்ச்சிகளுக்கு மணிக்கணக்கில் இணைய வரிசையில் காத்திருந்தவர்கள், சுமார் 150 பவுண்டு என்று நினைத்து வந்த நிற்கும் இடத்துக்கு 350 பவுண்டுக்கு மேல் கேட்கப்படுவதைக் கண்டு கொதித்தார்கள். பிரிட்டனின் போட்டிச் சந்தை ஆணையம் விசாரணை வைத்தது. இடைத்தரகரின் பங்கு நம் பைக்கு வருவதால் ரசிகருக்கு என்ன ஆறுதல்? விலையை மலிவாகவே வைத்துக்கொண்டு, இடைவெளியைச் சுரண்ட முடியாதபடி கதவை அடைப்பதுதான் சரி என்பது என் தீர்மானம்.

முடிந்தால் இன்னொரு காட்சி சேர்க்கலாம். கோல்ட்ப்ளே மும்பையில் மூன்றாம் நாளைச் சேர்த்தது, அப்புறம் அகமதாபாத்தின் பெரிய ஸ்டேடியத்தில் ஜனவரி 25, 26 தேதிகளையும் சேர்த்தது. இரண்டாவது காட்சிக்கான வாய்ப்பை முன்கூட்டியே அரங்கத்தோடு பேசி வைத்திருங்கள். விற்பனை முடிந்த அன்று மாலையே அறிவிக்க முடிந்தால், குவித்து வைத்தவர் கையில் உள்ள டிக்கெட்டுக்கு மவுசே இருக்காது.

ஓட்டப்பந்தயம் வேண்டாம், குலுக்கல் போதும்

'காலை 10 மணிக்கு விற்பனை, முந்துபவருக்கே முதலிடம்' என்பது நியாயம் போலத் தெரியும். ஆனால் அந்தப் பந்தயத்தில் மனிதரின் விரலும் இயந்திரமும் ஓடுகின்றன. அமெரிக்காவில் 2010-இல் நியூஜெர்சியில் ஒரு வழக்கு வந்தது. வைஸ்கை என்ற நிறுவனம் பல்கேரிய நிரலாளர்களைக் கொண்டு, 'நான் ரோபோ அல்ல' வகைச் சோதனைகளையே தாண்டும் மென்பொருள் செய்து, சுமார் 15 லட்சம் டிக்கெட்டுகளை அள்ளியதாகக் குற்றச்சாட்டு. அது அந்தக் காலத்துத் தொழில்நுட்பம். படப்புதிர் போட்டுத் தடுத்துவிடலாம் என்று இன்று நம்பியிருக்காதீர்கள்.

எனவே விற்பனைக்கு ஒரு வாரம் முன்பு பதிவைத் திறங்கள். பெயர், செல்பேசி எண், ஓடிபி, எத்தனை டிக்கெட், கூட வருபவர்களின் பெயர். மூன்று நாள் திறந்திருக்கட்டும். முதல் நிமிடம் பதிந்தவருக்கும் கடைசி நிமிடம் பதிந்தவருக்கும் ஒரே வாய்ப்பு என்று பெரிதாக எழுதிப் போடுங்கள். வேகத்துக்கு மதிப்பு இல்லை என்றவுடனே பாட் மென்பொருளுக்கு இருந்த பெரிய ஆயுதம் போய்விடுகிறது. பிறகு குலுக்கல். பெயர் வந்தவருக்குப் பணம் கட்ட 24 மணி நேரம், கட்டாவிட்டால் அடுத்தவருக்கு. ஜப்பானில் பெரிய நிகழ்ச்சிகளுக்குக் குலுக்கல் நெடுநாளாகவே சாதாரண வழக்கம்.

பதிவு மட்டும் வைத்துவிட்டு மறுபடி பந்தயத்துக்கே அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2022 நவம்பரில் டெய்லர் ஸ்விஃப்ட் பயண நிகழ்ச்சிக்கு 35 லட்சம் பேர் டிக்கெட் விற்கும் தளமான டிக்கெட்மாஸ்டரில் முன்கூட்டியே பெயர் பதிந்தார்கள். சுமார் 15 லட்சம் பேருக்கு அனுமதிக் குறியீடு போனது. விற்பனை நாளில் குறியீடு இல்லாதவர்களும் பாட் மென்பொருள்களும் சேர்ந்து மோத, 350 கோடி கோரிக்கைகள் தளத்தில் விழுந்ததாக நிறுவனமே சொன்னது. அதன் பிறகான பொது விற்பனை ரத்தானது.

வயதானவர்கள், செயலி பழக்கமில்லாதவர்கள் வரும் நிகழ்ச்சி என்றால், தொலைபேசியில் பெயர் கொடுக்கவும் ஒரு வழி வையுங்கள். அதே குலுக்கலில் அவர்களையும் சேர்க்கலாம்.

பணம் வந்த அடுத்த இரண்டு நாள்

பலரும் கோட்டை விடும் இடம் இது. பணம் வந்ததும் டிக்கெட்டை அனுப்பிவிடாதீர்கள். 'பதிவு உறுதி, டிக்கெட் பின்னர் வரும்' என்று மட்டும் செய்தி அனுப்புங்கள். அப்புறம் வாங்கியோர் பட்டியலை எக்செல்லில் போட்டு, வரிசை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரே யூபிஐ முகவரியிலிருந்து ஏழு பதிவு. ஒரே மின்னஞ்சலின் நடுவே புள்ளி மட்டும் மாறி மாறி வருவது. அடுத்தடுத்த செல்பேசி எண்கள். ஒரே முகவரியில் பதினைந்து பேர். ஒரு மணி நேர வேலையில் கண்ணில் பட்டுவிடும்.

ஆனால் பட்டவுடன் ரத்து செய்யாதீர்கள். ஒரே முகவரியில் பதினைந்து பேர் என்றால் அது மகளிர் விடுதியாக இருக்கலாம். ஒரே யூபிஐயில் பல பதிவு என்றால் அலுவலகத்தில் ஒரு நல்லவர் எல்லோருக்கும் சேர்த்துக் கட்டியிருக்கலாம். கூப்பிட்டுப் பேசுங்கள். நிஜமான ரசிகர் இரண்டு நிமிடத்தில் புரிய வைத்துவிடுவார். மற்றவர் போனையே எடுக்க மாட்டார். அப்படிப்பட்டதை ரத்து செய்து, முழுப் பணத்தையும் திருப்பி, இருக்கையைக் காத்திருப்போர் பட்டியலுக்குக் கொடுங்கள்.

பிரிட்டன் இசைக்குழுவான தி க்யூர் 2023-இல் அமெரிக்கப் பயணத்தில் இதை வெளிப்படையாகச் செய்தது. சுமார் 2,200 பதிவுகளில் வாங்கப்பட்ட ஏறக்குறைய 7,000 டிக்கெட்டுகள் போலிக் கணக்குகளும் மறுவிற்பனையும் காரணமாக ரத்து செய்யப்பட்டன என்று பாடகர் ராபர்ட் ஸ்மித்தே அறிவித்தார். 20 டாலரில் தொடங்கிய டிக்கெட் அது. ஆனால் நியூயார்க், இல்லினாய், கொலராடோ மாநிலங்களில் டிக்கெட் கைமாறுவதைத் தடுக்க அங்குள்ள சட்டமே இடம் கொடுக்காததால், அங்கே முழுதாகக் கட்ட முடியவில்லை.

பெயரோடு கட்டுங்கள்

டிக்கெட்டில் பெயர் அச்சாக வேண்டும், கேட்டில் அடையாள அட்டை பார்க்க வேண்டும். ஆளுக்கு 4 டிக்கெட் உச்சவரம்பு போதும், சின்ன அரங்கத்துக்கு 2 கூடப் போதும். நான்கு டிக்கெட்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், வாங்கியவர் மற்ற மூவரோடு சேர்ந்து வர வேண்டும் என்று விதி வைக்கலாம். தனித்தனிப் பெயர் வாங்கினால் இன்னும் நல்லது.

இதை ஊரறியச் செய்து காட்டியது இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழா. அங்கே டிக்கெட் வாங்க வேண்டுமானால் முன்பே புகைப்படத்தோடு பதிந்திருக்க வேண்டும். 2007 முதல் இந்த முறை. டிக்கெட்டில் அந்தப் படம் இருக்கும், வேறொருவருக்குக் கொடுக்க முடியாது. லட்சக்கணக்கானோர் கூடும் வயல்வெளியில் அவர்களால் முடிகிறது என்றால், 2,000 பேர் அரங்கத்தில் நம்மால் ஏன் முடியாது?

கியூஆர் விஷயத்தில் கஞ்சனாக இருங்கள். பெரிய தளங்களின் செயலிகளில் சில நொடிகளுக்கு ஒருமுறை தானாக மாறும் குறியீடு வந்துவிட்டது, அங்கே ஸ்கிரீன்ஷாட் எடுபடாது. அந்த வசதி இல்லையென்றால், நிகழ்ச்சிக்கு 24 மணி நேரம் முன்பு மட்டும் கியூஆரை அனுப்புங்கள். அதுவரை விற்பவரிடம் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. விழுப்புரம் பெண்ணிடம் விற்றவர் கையில் கியூஆர் பத்து நாள் இருந்திருக்கிறது.

திருப்பிக் கொடுக்க வழி திறங்கள்

பெயரோடு கட்டிவிட்டுக் கதவைச் சாத்தினால் அடிபடுவது நம் ரசிகர்தான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, திடீரென்று பரீட்சைத் தேதி மாறிவிட்டது, ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. 3,000 ரூபாய் டிக்கெட்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? இன்ஸ்டாகிராமில் போடுவார். அங்கே நேர்மையான விற்பனையும் மோசடியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், வாங்குபவருக்கு எது எது என்று தெரியாது. நேர்மையானவர்களை அந்தச் சந்தையிலிருந்து வெளியே எடுத்துவிட்டால், அங்கே மிஞ்சுவது யார் என்பது எல்லோருக்கும் தெளிவாகிவிடும்.

நான் பார்த்ததில் நன்றாக வேலை செய்த ஏற்பாடு இது. வர முடியாதவர் பதிவு எண்ணோடு ஒரு படிவம் அனுப்புகிறார். நாம் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குச் செய்தி அனுப்புகிறோம். ஆறு மணி நேரத்துக்குள் அவர் அதே விலையைக் கட்டுகிறார். பழைய கியூஆரை அணைத்துவிட்டுப் புதுப் பெயரில் புது கியூஆர். முதலாமவருக்குப் பணம் திரும்பிப் போகிறது. பணப்பரிமாற்றச் செலவுக்கு ஒரு சின்னத் தொகை பிடிக்கலாம், அதற்கு மேல் கூடாது. வாங்க ஆள் கிடைத்தால்தான் பணம் திரும்பும் என்பதால் நம் கணக்கில் துண்டு விழாது.

கடைசித் தேதியை வெகு முன்பே வைத்துவிடாதீர்கள். ஒரு வாரம் முன்பு மூடினால், வாழ்க்கையின் பாதி அவசரங்கள் அதற்குப் பிறகுதான் வரும். நிகழ்ச்சி அன்று காலை 10 மணி வரை திறந்திருக்கட்டும். ஒருமுறை கடைசி நாளில் மட்டும் முப்பத்தொரு டிக்கெட் இப்படிக் கைமாறின. அதில் ஒன்று, வலி கண்டு ஆஸ்பத்திரிக்குப் போன மனைவியோடு இருந்த ஒருவருடையது. வார்டு வாசலில் இருந்து படிவம் அனுப்பியிருந்தார். இரவு, 'பணம் வந்தது, பெண் குழந்தை' என்று பதில் வந்தது.

அயர்லாந்து இதை நாடு முழுமைக்கும் சட்டமாக்கியது. 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1,000 பேரோ அதற்கு மேலோ கொள்ளும் பெரிய அரங்குகளின் நிகழ்ச்சிகளுக்கு முதல் விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வது குற்றம். திருப்பிக் கொடுப்பதைத் தடுக்கவில்லை, லாபத்தை மட்டும் தடுத்தார்கள்.

சந்தையைக் கவனிக்க ஒருவர்

விற்பனை திறந்த நாளிலிருந்து தினமும் அரை மணி நேரம், குழுவில் ஒருவர் இன்ஸ்டாகிராம், டெலிகிராம், பழைய பொருள் விற்கும் தளங்களில் நிகழ்ச்சியின் பெயரைப் போட்டுத் தேடட்டும். ரசிகர்கள் ஸ்கிரீன்ஷாட் அனுப்ப ஒரு வாட்ஸாப் எண்ணும் கொடுங்கள். அவர்களே பாதிக்கு மேல் கண்டுபிடித்துத் தருவார்கள். இருக்கை எண் தெரிந்தால் பதிவைப் பிடித்துவிடலாம். தெரியாவிட்டால், வாங்குபவர் போலப் பேசினால் பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள். விற்பனையே திறக்காத நிகழ்ச்சிக்கு டிக்கெட் இருப்பதாக எங்காவது விளம்பரம் கண்டால், 'இன்னும் ஒரு டிக்கெட் கூட விற்கப்படவில்லை' என்று அன்றே உங்கள் பக்கத்தில் போடுங்கள்.

சட்டம் எவ்வளவு கைகொடுக்கும்?

ஜப்பானில் 2019 ஜூன் 14 முதல் சட்டம் இருக்கிறது. அனுமதியின்றி அதிக விலைக்கு விற்பதைத் தொழிலாகச் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அந்தச் சட்டம் எல்லா டிக்கெட்டையும் காக்காது. மறுவிற்பனை கூடாது என்று எழுதி, வாங்கியவரின் பெயரையும் தொடர்பையும் உறுதிசெய்து விற்ற டிக்கெட்டையே காக்கும். அமைப்பாளர் தன் வேலையைச் செய்த பிறகே போலீஸ். அமெரிக்கா 2016-இல் பாட் மென்பொருளுக்கு எதிராகச் சட்டம் போட்டது. தைவான் 2023-இல் முதல் விலையைப் போல 10 முதல் 50 மடங்கு வரை அபராதம் என்று திருத்தியது.

இந்தியாவில் இசை நிகழ்ச்சி டிக்கெட்டுக்கென்று தனி மத்தியச் சட்டம் இல்லை. கோல்ட்ப்ளே விவகாரத்தை ஒட்டி வந்த பொதுநல வழக்கை, இது சட்டமியற்றுபவர்களின் வேலை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. போலி டிக்கெட் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் ஏமாற்றுதல் பிரிவு 318 இருக்கிறது. உண்மையான டிக்கெட்டை மூன்று மடங்குக்கு விற்றால் அது எளிதில் பொருந்தாது. ஆகவே டிக்கெட்டின் நிபந்தனைகளில் தமிழிலும் தெளிவாக எழுதுங்கள்: 'அதிக விலைக்கு விற்கப்பட்டது தெரிந்தால் இந்த டிக்கெட் ரத்தாகும்.' நாம் ரத்து செய்வதற்கு அந்த வரிதான் பிடிமானம்.

கேட்

கூட்டம் சேர்ந்ததும் செல்பேசி சிக்னல் படுத்துவிடும், இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர்களில் முழுப் பட்டியலும் முன்பே இறங்கியிருக்க வேண்டும், அவை ஒன்றோடொன்று உள்ளூர் வைஃபையில் பேச வேண்டும். இல்லாவிட்டால் ஒரே கியூஆர் இரண்டு கேட்டிலும் பச்சை காட்டும். அடையாள அட்டை பார்க்க ஒருவர், ஸ்கேன் செய்ய ஒருவர். கதவை ஒன்றரை மணி நேரம் முன்பே திறங்கள். வரிசை நீண்டு, பாட்டு தொடங்கி, வெளியே நிற்பவர்கள் தள்ள ஆரம்பித்தால் யாரும் அட்டை பார்க்க மாட்டார்கள், பார்க்கவும் கூடாது. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் ஏ.ஆர். ரகுமான் இசை நிகழ்ச்சியில் டிக்கெட் கையில் இருந்தும் உள்ளே போக முடியாமல் குழந்தைகளோடு நெரிபட்டவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பிளாக்கைத் தடுப்பதை விட உயிர் முக்கியம்.

வரிசைக்கு வெளியே ஒரு மேஜை போட்டு, நிதானமாகப் பேசத் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். சிவப்பு விழுந்தவர்கள் எல்லோரும் அங்கே. மொத்த இருக்கையில் நூற்றுக்கு ஒன்று அந்த மேஜைக்கென்று நிறுத்தி வையுங்கள். ஏமாந்து வந்தவருக்கு அதை அசல் விலைக்குக் கொடுங்கள். யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்ற பணப்பரிமாற்ற விவரத்தை வாங்கிக்கொண்டு, சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணைச் சொல்லி அனுப்புங்கள். எட் ஷீரன் 2018-இல் பிரிட்டன் ஸ்டேடியங்களில் பாடியபோது, மறுவிற்பனைத் தளத்தில் வாங்கப்பட்ட டிக்கெட்டுகள் செல்லாது என்று முத்திரை குத்தினார்கள். அப்படி வந்தவர்கள் அங்கேயே முதல் விலைக்குப் புது டிக்கெட் வாங்க முடிந்தது, தளத்திடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்கவும் உதவினார்கள். விழுப்புரம் பெண் வந்த அன்று எங்களிடம் அப்படியொரு மேஜை இல்லை. இப்போது எல்லா நிகழ்ச்சியிலும் போடுகிறோம்.

முடிந்த மறுநாள்

ஸ்கேன் ஆகாத டிக்கெட்டுகளின் பட்டியலை எடுங்கள். தனித்தனியாக ஒன்று, இரண்டு இருந்தால் விட்டுவிடலாம், மழையோ காய்ச்சலோ இருக்கும். நான்கு நான்காக, ஒரே நாளில் வாங்கி, ஒன்றும் உள்ளே வராமல் கிடப்பவைதான் விலை போகாமல் தேங்கிய சரக்கு. அந்தச் செல்பேசி எண்களையும் யூபிஐ முகவரிகளையும் தனியே குறித்து வையுங்கள். திருப்பிக் கொடுக்கும் வழி கடைசிக் காலை வரை திறந்திருந்தும் ஏன் கொடுக்கவில்லை என்று கூப்பிட்டுக் கேளுங்கள். பதில் சொல்லாதவர்களின் பெயர் அடுத்த குலுக்கலில் சேராது.